ஒரு முழம் செம்மண்

என் தோளில் பொன்னாடை விழுந்தது ஒரே ஒரு முறைதான். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடுகிறது. பெருமையில் இல்லை, வெட்கத்தில்.

என் பெயர் உச்சிமாகாளி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக போர் போடுகிறேன். தண்ணீருக்குப் போடுகிற போர் இல்லை. ஒரு தொழிற்சாலை எழும்புவதற்கு முன்னால் அந்த இடத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்காகக் குழாயை இறக்கி, அடிமண்ணை அலுங்காமல் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வரிசையாக நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் பலவற்றுக்கு அடியில் என்ன மண் கிடக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாயை மேலே இழுக்கும்போது சில நேரம் அடியில் இருக்கிற மண் நழுவி விழுந்துவிடும். குழாய் முக்கால்தான் நிறைந்திருக்கும். அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் இன்ஜினியர் குதிப்பார். "மிச்சம் எங்கய்யா? மறுபடியும் போடு" என்பார். மறுபடி போடுவதென்றால் ரிக்கை, அதாவது துளை போடுகிற எந்திரத்தை, நகர்த்த வேண்டும், முதலிலிருந்து இறக்க வேண்டும், ஒரு நாள் போய்விடும். அதனால் பக்கத்தில் கிடக்கிற மண்ணில் இரண்டு கை அள்ளித் திணித்து, கட்டைவிரலால் அழுத்தி, மெழுகை உருக்கி ஊற்றி வாயை அடைத்துவிடுவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. சேர்ந்த மூன்றாம் மாதம் கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும். நிறைந்த குழாயைப் பார்த்து இதுவரை எந்த இன்ஜினியரும் கேள்வி கேட்டதில்லை.

போன வருடம் ஜூன் மாதம் மதிவதனி மேடம் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். இருபத்தேழு வயதிருக்கும். ஒரகடத்துக்குப் பக்கத்தில் பனஞ்சேரி என்ற ஊரில் உள்ள சித்தேரியில் நாலு மீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்க வேண்டும், ரிக்கும் ஆளும் வேண்டும் என்றார்கள். ஏரியில் யார் கட்டடம் கட்டப் போகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியம். கட்டடம் இல்லை, ஆராய்ச்சி என்று மேனேஜர் சொன்னார். என்னையும் மாரிராஜையும் அனுப்பினார். மாரிராஜ் என் ஊர்க்காரன், என்னைவிட இளையவன், ரிக்கில் என்னோடு ஏழு வருடமாக இருக்கிறவன்.

ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. நாங்கள் ரிக்கை நிறுத்தின முதல் நாளே எல்லப்பன் வந்துவிட்டார். பனஞ்சேரிக்காரர். ஐம்பதைத் தாண்டின ஆள். ஏரிக்குக் கீழே எண்பது சென்ட் நிலம் வைத்திருக்கிறார், ஆனால் சம்பளம் வருவது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நிற்பதில். ஷிஃப்ட் முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் கரைக்கு வந்து நிற்பார். படப்பைப் பக்கம் மனைகளை மேடாக்க மண் வேண்டுமென்று, இந்த ஏரியைத் தூர்வாரும் சாக்கில் அள்ளிக்கொண்டு போக ஒரு கான்ட்ராக்டர் கண் வைத்திருந்தார். நாங்களும் அந்தக் கூட்டமோ என்று எல்லப்பனுக்குச் சந்தேகம்.

"இன்னா மேடம், லாரி எப்போ வருது?" என்று கேட்டார்.

மேடம் சிரித்துவிட்டு அவரை உட்கார வைத்துச் சொன்னார்கள். "லாரி வராதுங்க ஐயா. எனக்கு ஆறு குழாய் மண்ணு போதும். இந்தச் சேறு ஒரே நாள்ல வந்ததில்ல. ஒவ்வொரு மழைக்கும் மேட்டுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டு வந்து படிஞ்சது. கரை கட்டுறதுக்கு முன்னாடியே இங்க பள்ளம் இருந்திருக்கு. நாலு மீட்டர் இறங்கினா மூவாயிரம் வருஷம் பின்னால போயிடலாம்."

"போயி?"

"ஒரு காலத்துல திடீர்னு நிறைய மண்ணு வந்து விழுந்திருக்கும். அது ஏன்னு பார்க்கணும். பேய்மழை பெஞ்சதாலயா, இல்ல ஜனங்க பெருகி, காட்டை வெட்டி எரிச்சு, மேட்டைக் கிளறினதாலயா? வெள்ளம் வந்திருந்தா இந்தப் பள்ளத்துல மணல் கிடக்கும். ஆளுங்க கிளறியிருந்தா மேட்டுச் செம்மண்ணு கிடக்கும்."

எல்லப்பன் ஏரியைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ மழையா மனுசனான்னு பார்க்கப் போறீங்க."

"அவ்வளவுதான்."

"மழைதான் மேடம். எங்க ஆளுங்க இந்த ஏரியக் கண்ணு மாதிரி வெச்சினு இருந்தாங்க. கெடுத்தவங்க கெடையாது."

மூவாயிரம் வருடத்துக்கு முந்தின ஆளுக்கும் இவருக்கும் என்ன ரத்த சொந்தம் என்று நான் மாரிராஜிடம் முணுமுணுத்துச் சிரித்தேன். ஆனால் எல்லப்பன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ராடுகளுக்கு நடுவே புகுகிற எருமையை விரட்டுவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாப்பா திருநெல்வேலி, எத்தினி வருசம் எறங்கிக்கீறே?" என்பார். நானும் "ஆயிரம் வருசம் எறங்கியாச்சுண்ணே" என்பேன். அந்த ஐந்து நாட்கள் எனக்கு வேலை செய்வதே பிடித்திருந்தது. கட்டடத்துக்கு மண் எடுக்கும்போது யாரும் என்னிடம் இப்படிக் கேட்டது கிடையாது.

மேடம் முதல் நாளே ஒன்று சொன்னார்கள். "அண்ணா, குழாய்ல மண்ணு குறைஞ்சு வந்தா பரவாயில்ல. காலியா இருந்தா காலியாவே மூடிடுங்க." நான் தலையாட்டினேன். எல்லா இன்ஜினியரும் முதல் நாள் இப்படித்தான் சொல்வார்கள். காலிக் குழாயை நேரில் பார்க்கும்போதுதான் முகம் மாறும். இந்த மேடமும் அப்படித்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

நாலாம் நாள் மதியம், ஐந்தாவது குழாய். குழாய் மூடி போதவில்லை என்று மேடம் வாங்கி வரப் படப்பைக்குப் போயிருந்தார்கள். எல்லப்பன் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். குழாய் இரண்டே முக்கால் மீட்டருக்கு மேல் இறங்கும்போது ராடு கனமில்லாமல், அடிக்காமலேயே தானாகச் சரசரவென்று கீழே போனது. இழுத்தோம். மண்ணோடு வர வேண்டிய குழாய் லேசாக வந்தது. வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. தண்ணீரோடு என் உள்ளங்கையில் வெள்ளை மணல் ஒட்டிக்கொண்டது. நல்ல பொடி மணல். வாளித் தண்ணீரில் கையை முக்கிக் கழுவினேன்.

மாரிராஜ் குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்தான். "ஒரு மொழத்துக்குக் காலிண்ணே. என்ன செய்ய, எப்பவும் போலதானா?"

"பின்ன என்ன, மேடம் வந்து மூஞ்சியத் தூக்கவா? எடு மண்ண."

மேலே காய்ந்திருந்தாலும் கிளறினால் ஏரிச் சேறு சதசதவென்று இருந்தது, குழாய்க்குள் நிற்காது. கரைக்கு அந்தப் பக்கம் யாரோ மனையை மேடாக்கக் கொட்டின லாரிச் செம்மண் சிதறிக் கிடந்தது. நல்ல இறுக்கமான மண். அதை அள்ளிவந்து திணித்தேன். கட்டைவிரலால் அழுத்தி, மெழுகு ஊற்றினேன். பத்து நிமிட வேலை. மேடம் திரும்பி வந்து குழாயைத் தூக்கிப் பார்த்து, "அட, முழுசா வந்திருக்கே அண்ணா!" என்று சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது அந்தச் சிரிப்புதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அத்தோடு மறந்தும் போனேன். அதுதான் உண்மை. எத்தனையோ குழாய்கள் போல அதுவும் ஒரு குழாய்.

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் மேடம் ஃபோன் செய்தார்கள். மே ஒன்றாம் தேதி பனஞ்சேரியில் கிராம சபைக் கூட்டம், அங்கே ஆராய்ச்சியில் என்ன தெரிந்தது என்று ஊருக்குச் சொல்லப் போகிறேன், நீங்கள் எடுத்த மண்தான், கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். மே தினம் லீவு. நானும் மாரிராஜும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பைக்கில் போனோம்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். எங்களை முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடம் ஒரு பெரிய பேனரை விரித்தார்கள். குழாய்களை நீளவாக்கில் அறுத்து, வரிசையாக ஒட்டி எடுத்த படம், ஆள் உயரத்துக்கு. மேலே கறுப்பு, சாம்பல், மறுபடி கறுப்பு. நடுவில் ஒரு முழத்துக்கு ரத்தச் சிவப்பாக ஒரு பட்டை.

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் கட்டைவிரல் பதிந்த பள்ளம்கூடத் தெரிகிற மாதிரி எனக்குத் தோன்றியது.

மேடம் அந்தச் சிவப்புப் பட்டையில் கை வைத்துப் பேசினார்கள். அதற்குக் கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் கிடைத்த கரித்துண்டுகளைச் சோதித்ததில் சுமார் இரண்டாயிரத்து எண்ணூறு வருடம் என்று தெரிகிறதாம். அந்தக் காலத்தில்தான் இந்தப் பக்கம் ஜனம் பெருகியிருக்க வேண்டும். அப்போதிருந்தவர்கள் காட்டை எரித்து மேட்டைக் கிளறினார்கள், மறைப்பில்லாத செம்மண் ஒரே மூச்சில் பள்ளத்துக்கு இறங்கியது. "மழை மேல மட்டும் பழி போட முடியாது. இந்த அளவுக்குச் செம்மண் வரணும்னா அது மனுஷன் கைதான்" என்றார்கள். மனுஷன் கைதான். நான் என் கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். "இந்தப் பட்டை இல்லாம என் ஆராய்ச்சியே இல்ல. ஒரு விரற்கடைகூட விடாம எடுத்துக் கொடுத்தவர் உச்சிமாகாளி அண்ணன்" என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். ஊரே கை தட்டியது. எல்லப்பன் பின்னாலிருந்து "நம்ம திருநெல்வேலி!" என்று கத்தினார்.

அடுத்து ஏரியில் மண் எடுக்கும் பேச்சு வந்தது. கான்ட்ராக்டர் திருமலை ஓரமாக உட்கார்ந்திருந்தார். எல்லப்பன் எழுந்தார். வழக்கமாக மெதுவாகப் பேசுகிற மனிதர், அன்றைக்குக் குரல் உயர்ந்திருந்தது.

"ஏரில மண்ணெடுக்க வுட மாட்டோம். ஒரு மீட்டர்னு சொல்வாங்க, பாதாளம் வரிக்கும் தோண்டுவாங்க. எங்க ஆளுங்க தலமொற தலமொறையா காபந்து பண்ணது. ஒரு கூடை மண்ணு சும்மா போவ வுட்டதில்ல."

திருமலை எழுந்திருக்கக்கூட இல்லை. கால் மேல் கால் போட்டபடியே பேனரைக் காட்டினார். "எல்லப்பா, படிச்ச பொண்ணு இப்போதான சொல்லிச்சு, உனுக்குக் காதுல வுழலியா? உன் ஆளுங்கதான் மேட்டையே சொரண்டி ஏரில கொட்டிக்கீறாங்க. மூவாயிரம் வருசமா நீங்க ரொப்புனத்த நான் வாரிக்கினு போறேன். எனக்கு நீ கூலி தரணும்யா."

ஷாமியானாவே சிரிப்பில் அதிர்ந்தது. எல்லப்பன் வீட்டுப் பக்கத்து ஆட்கள்கூடச் சிரித்தார்கள். மேடம் பதறிப்போய் மைக்கைப் பிடித்து, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க, நான் சொன்னது வேற" என்றார்கள். யார் காதிலும் விழவில்லை. எல்லப்பன் பேனரைப் பார்த்தார். அந்தச் சிவப்புப் பட்டையை. மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

நான் அப்போது எழுந்திருக்க வேண்டும். "அது போன வருசம் லாரியிலிருந்து சிந்தின மண்ணு, நான் திணிச்சது" என்று ஒரு வரி. எழுந்து நின்று ஒரு வரி சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் தோளில் பொன்னாடை இருந்தது. அதன் ஜரிகை கழுத்தில் அரித்தது. நான் அதைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏரியில் ஒரு மீட்டர் மண் எடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து மாரிராஜ், "அண்ணே, அந்த செவப்பு..." என்று இழுத்தான்.

"வாயப் பொத்திட்டு வாலே" என்று சீறினேன். அவன் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். பொன்னாடையை அறையில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்து மாதம் நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். சொன்னால் மேனேஜர் காதுக்குப் போகும், வேலை போகும் என்று ஒரு நாள். இதுவரை திணித்த குழாய்களை எல்லாம் நோண்டுவார்கள் என்று ஒரு நாள். மேடம் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாள். ஆகஸ்டில் அவர்களே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். நவம்பரில் பெரிய மாநாட்டில் இதைக் கட்டுரையாகப் படிக்கப் போகிறார்களாம். "எல்லாம் உங்க குழாய்தான் அண்ணா" என்று எழுதியிருந்தார்கள். நான் கை கூப்புகிற பொம்மை ஒன்று அனுப்பினேன். மனிதன் எவ்வளவு இறங்க முடியும் என்பதற்கு அந்தப் பொம்மை ஒன்று போதும்.

செப்டம்பர் கடைசியில் எனக்கு வேலை போட்டதே பனஞ்சேரி ஏரிக்கரையை ஒட்டின இடத்தில். ஒரு குடோன் வரப் போகிறது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கரையேறிப் பார்த்தேன்.

ஏரி இல்லை. ஒரு மீட்டர் என்று தீர்மானம் போட்டதை நாலு மீட்டருக்குத் தோண்டியிருந்தார்கள். நாங்கள் ரிக் நிறுத்தின இடத்தில் மேடம் அடையாளத்துக்கு நட்ட கல் மட்டும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே செங்குத்தாக, கத்தியால் வெட்டின பனங்கருப்பட்டி மாதிரி, மண் சுவர். பள்ளத்தில் இறங்கி அதன் முன்னால் போய் நின்றேன்.

மேலே கறுப்பு. சாம்பல். மறுபடி கறுப்பு. அதற்குக் கீழே, என் தோள் உயரத்தில், ஒரு முழத்துக்கு வெள்ளை மணல். பள்ளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே கோடாகப் போயிற்று. அதற்கு மேலே பொடிப்பொடியாகக் கரி. சிவப்பு என்று சொல்ல ஒரு துளி இல்லை.

சுற்றிலும் யாருமில்லை. மழைக்காலம் வருகிறதென்று லாரிகளை நிறுத்திவிட்டார்கள். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மழை இறங்கினால் பள்ளம் நிறைந்துவிடும். சுவர் தண்ணீருக்குள் போகும், சரிந்து சேறாகும். அப்புறம் இந்த ஏரிக்கு இருக்கிற ஒரே சாட்சி மேடம் வைத்திருக்கிற ஆறு குழாய். அதில் ஒன்றில் என் பொய். நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப் போவதில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். நல்லவனாக நின்றேன் என்று சொல்ல மாட்டேன். போய்விடலாமா என்று இரண்டு முறை கரை வரைக்கும் ஏறினேன்.

மணலில் விரலை வைத்தேன். பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது. அதே மணல். அன்றைக்கு வாளியில் கழுவி விட்டது. ஃபோனை எடுத்தேன்.

"மேடம், சித்தேரிய நாலு மீட்டருக்கு வெட்டிட்டாவ. நம்ம போர் போட்ட எடம் செவுரு மாதிரி நிக்கு. மழைக்கு முந்தி வந்து பாத்துருங்க" என்றேன். குழாயில் செய்ததைச் சொல்லாமலே ஃபோனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வந்தார்கள். ஏரியைப் பார்த்ததும் கரையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எல்லப்பனுக்கும் சொல்லியிருந்தார்கள் போல, யூனிஃபார்மில் வந்து நின்றார். கிராம சபைக்கு அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. "வாப்பா திருநெல்வேலி" என்றார், பழைய மாதிரியே.

மேடம் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு கரண்டியால் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மணல் பட்டையைப் பார்த்ததும் கை நின்றது. டேப்பை வைத்து அளந்தார்கள். மறுபடி அளந்தார்கள். மொபைலில் பழைய படத்தைத் திறந்து பார்த்தார்கள். "இங்கதான் இருக்கணும். செம்மண் இங்க ஒல்லியாகி வேற பக்கம் போயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இடது பக்கம் பத்தடி சுரண்டினார்கள். வலது பக்கம் இருபதடி சுரண்டினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. எல்லப்பன் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்தார்.

இதை நான் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டவன் நான், தெரிந்தவன் நான், ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணை இல்லாத ஒன்றைத் தேட விட்டேன். அவர்கள் சுவரின் மூலைக்குப் போய், மண்டியிட்டு, விரலாலேயே தோண்ட ஆரம்பித்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"மேடம், தேடாதிய. அது இங்க இருக்காது."

"ஏன்ணா?"

"அது நான் வச்சது."

அவர்களுக்குப் புரியவில்லை. முழுவதும் சொன்னேன். குழாய் காலியாக வந்தது, மணல் ஒழுகியது, கரைக்கு அந்தப் பக்கம் போய் லாரி மண்ணை அள்ளியது, கட்டைவிரல், மெழுகு. எங்கள் தொழிலில் இது சகஜம் என்பதையும் சொன்னேன். எல்லப்பன் கையிலிருந்த பாட்டிலை மூடாமலேயே நின்றார்.

மேடம் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முதல் நாளே சொன்னேனே அண்ணா. காலியா இருந்தா காலியாவே மூடுங்கன்னு."

"சொன்னிய."

"காலியா வந்திருந்தா மணல் நழுவியிருக்குன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும். இந்த ஆழத்துல குழாய்ல நிக்காம ஒழுகுறது வேற என்ன? அந்தக் காலி இடம்தான் எனக்கு வேண்டியதே." அப்புறம் நிமிர்ந்து, "மத்த அஞ்சு குழாய்?" என்று கேட்டார்கள்.

"சத்தியமா அதுல ஒண்ணும் செய்யல மேடம்."

அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நம்ப வேண்டும் என்று முயற்சி செய்தது தெரிந்தது. முடியவில்லை என்பதும் தெரிந்தது. நான் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு இப்போது செல்லாத நோட்டுக்கு இருக்கிற மதிப்புதான்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்கள். பையிலிருந்து புதுப் பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். சுவரிலிருந்தே எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று புரிந்தது. நான் வழக்கம்போல டேப்பின் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க வேண்டாம்ணா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. "எல்லப்பன் ஐயா பிடிக்கட்டும்."

நான் கரையேறிப் போய் நின்றேன். பன்னிரண்டு வருடத் தொழில்காரன் மேலே நிற்க, கீழே செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஒரு மனிதர் டேப்பைப் பிடித்துக்கொண்டு, மேடம் வெட்டி எடுக்கிற மண்ணை ஒரு சிதறல் இல்லாமல் பெட்டியில் வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் கேட்டது மேலே வரைக்கும் கேட்டது.

"அப்போ மழைதானா மேடம்?"

"தெரியாதுங்க ஐயா. மணல் மழையைச் சொல்லுது. மேல இருக்கிற கரி ஆளுங்களைச் சொல்லுது. எது எதுக்குக் காரணம்னு சோதிச்சுட்டுத்தான் சொல்லுவேன். இனிமே அவசரப்பட மாட்டேன்."

"சரி மேடம். எங்க ஆளுங்களே பண்ணியிருந்தாலும் சொல்லுங்க. நெசமா இருந்தா சரி."

மதியம் மூன்று மணிக்கு மேடம் பெட்டிகளோடு காரில் கிளம்பினார்கள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்கள். நவம்பர் மாநாட்டுக்குப் போகப் போவதில்லை என்று எல்லப்பனிடம் சொன்னார்களாம்.

எல்லப்பன் கரையேறி வந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. குடோன் வேலைக்கு நான் வைத்திருந்த தண்ணீர் வாளியில் கையைக் கழுவிக்கொண்டார். வேறு எங்கும் தண்ணீர் இல்லை.

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

"கொழா காலியா கீதுன்னு ரொப்பிட்டே. அத்த வுடுப்பா. உங்க வேலையில அது சகஜம்னு நீயே சொல்றே." கைகளைப் பேன்ட்டில் துடைத்தார். "அன்னிக்கு மீட்டிங்ல திருமலை என்னைக் கேட்டானே. ஊரே சிரிச்சுதே. நீ மொத வரிசையிலதானே குந்திக்கினு இருந்தே?"

"ஆமாண்ணே."

"அந்தச் செவப்பு இன்னான்னு உனுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, உதைத்துக் கிளப்பி, என் பக்கம் திரும்பினார்.

"நீ அன்னிக்கு எழுந்து நின்னிருந்தா, நான் குந்தியிருக்க மாட்டேம்ப்பா" என்றார். அப்புறம் ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.